கட்டிலுக்கு அடியை விட்டு வர மறுக்கும் நாய்: தத்தெடுத்து வளர்த்தவர்கள் வழி சொல்லுங்கள்

பெரம்பூர் மல்லி

வணக்கம். போன வாரம் ஒரு காப்பகத்திலிருந்து பெண் நாய் ஒன்றைத் தத்தெடுத்து வந்தோம். நாட்டு நாய், செம்பழுப்பு நிறம், மூன்று வயது இருக்கும் என்றார்கள். குட்டிகளைக் கேட்டு ஆள் வருகிறது, வளர்ந்த நாயைத்தான் யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை என்று அங்கே சொன்னதும் இவளைத் தேர்ந்தெடுத்தோம். வண்டி மோதிப் பின்னங்காலில் அடிபட்டு வந்தவள். காயம் ஆறிய பிறகும் அங்கேயே தங்கிவிட்டாள். கருத்தடை, ரேபிஸ் ஊசி இரண்டும் ஆகியிருக்கின்றன. மைனா என்று பெயர் வைத்திருக்கிறோம்.

வந்ததிலிருந்து படுக்கையறைக் கட்டிலுக்கு அடியில் சுவரோடு ஒட்டிக் கிடக்கிறாள். பகலில் சாப்பிடுவதில்லை. நாங்கள் விளக்கை அணைத்த பிறகுதான் கிண்ணம் காலியாகிறது. சிறுநீர், மலம் எல்லாம் அறை மூலையில். ஞாயிற்றுக்கிழமை வந்த என் தம்பி, "இப்படியே விட்டால் பழகாது" என்று கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தான். உறுமினாள், பல்லைக் காட்டினாள், கடிக்கவில்லை. அன்றிலிருந்து என் மாமியார் பயந்துபோயிருக்கிறார். வீட்டில் ஏழு வயதுப் பெண் குழந்தை இருக்கிறாள். இந்த நாய் வேண்டாம், எங்காவது கொண்டுபோய் விட்டுவிடு என்கிறார். நாங்கள் இருப்பது இரண்டாம் மாடி அடுக்ககம், லிஃப்ட் உண்டு.

உறுமுகிற நாயை வீட்டில் வைத்திருப்பது ஆபத்தா? எப்போது வெளியே வருவாள்?

நாலுகால் நண்பன்

மல்லி அக்கா, முதலில் தம்பியை இரண்டு மாதத்துக்கு வேறு எங்காவது விருந்துக்குப் போகச் சொல்லுங்கள்.

உறுமியது நல்லது. "இதற்கு மேல் நெருங்காதே" என்று அவள் சொன்னாள்; கடிக்காமல் சொன்னாள். உறுமலுக்கு அடி கொடுத்து அடக்கினால் பயம் போகாது, எச்சரிக்கைதான் போகும். அடுத்த முறை சத்தமே இல்லாமல் பல் பதியும். "திடீரென்று கடித்துவிட்டது" என்று காப்பகத்துக்குத் திருப்பிக் கொண்டுவரப்படும் நாய்களில் பலவற்றுக்குப் பின்னால் இப்படி ஒரு கதை இருக்கும். வார இறுதிகளில் காப்பகத்தில் வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

உறுமலுக்கு முன்பே அவள் பலமுறை சொல்லியிருப்பாள். முகத்தைத் திருப்பிக்கொள்வது, உதட்டை நக்குவது, தூக்கம் வராதபோது கொட்டாவி விடுவது, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது, அசையாமல் உறைந்துபோவது. இதில் எது தெரிந்தாலும் நீங்கள் இரண்டடி பின்வாங்குங்கள். பின்வாங்கினால் நாய்க்குத் திமிர் ஏறிவிடும் என்று யாராவது வந்து சொல்வார்கள், காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

கட்டிலடியை அவளுக்கே விட்டுவிடுங்கள். பழைய போர்வை ஒன்றை உள்ளே தள்ளிவிடுங்கள். அங்கே யாரும் கை நீட்டக் கூடாது, குனிந்து எட்டிப் பார்க்கக் கூடாது, கைப்பேசியால் படம் பிடிக்கக் கூடாது. தண்ணீர் எப்போதும் அறைக்குள்ளேயே இருக்கட்டும். சாப்பாட்டை ஒரே நேரத்தில் வைத்துவிட்டு வெளியே போய்விடுங்கள். மாலையில் நீங்கள் ஒருவர் மட்டும் அறையில் தரையில் உட்கார்ந்து, அவளுக்கு முதுகையோ பக்கவாட்டையோ காட்டியபடி புத்தகம் படியுங்கள், கீரை ஆயுங்கள், என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். உப்பு போடாமல் வேகவைத்த எலும்பில்லாக் கோழித் துண்டு ஒன்றை அவ்வப்போது அவள் பக்கம் உருட்டிவிடுங்கள். அவள் எடுத்தாளா என்று திரும்பிப் பார்க்காதீர்கள்.

எவ்வளவு நாள் என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று நாளில் மூச்சு விடும், மூன்று வாரத்தில் வீட்டு ஒழுங்கு புரியும், மூன்று மாதத்தில் தன் வீடு என்று நினைக்கும் என்று தத்து கொடுப்பவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். குத்துமதிப்புதான். மைனாவைப் போன்றவர்கள் இதைவிட அதிக நேரம் எடுப்பார்கள்.

சேலத்தான்

இவ்வளவு செல்லம் தேவையா? எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து நாய் இருக்கிறது. வெளியே இழுத்துக் கூடத்தில் கட்டிப் போடுங்கள். நாலு பேர் நடமாடுவதைப் பார்த்தால் இரண்டே நாளில் பயம் தெளிந்துவிடும். வீட்டில் யார் எசமான் என்று நாய்க்குத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவன்

சேலத்தாருக்குப் பதில் சொல்லிவிட்டு மல்லியிடம் வருகிறேன்.

கட்டிப் போட்ட நாய் இரண்டு நாளில் அடங்கிவிடும் என்பது உண்மை. அடங்குவதும் பயம் தெளிவதும் ஒன்றல்ல. ஓடவும் முடியாது, எதிர்க்கவும் முடியாது என்றானதும் விலங்கு முயற்சியைக் கைவிட்டுவிடுகிறது. பார்ப்பவருக்குச் சாதுவாகத் தெரியும். அந்த நாயின் இதயத்துடிப்பை எண்ணிப் பார்த்தால் விஷயம் வெளிச்சமாகிவிடும். என் மருத்துவ மேசையில் கல்லாகக் கிடந்த நாய்கள் எத்தனையோ. "பாருங்கள் டாக்டர், எவ்வளவு சமர்த்து" என்று உரிமையாளர்கள் பெருமைப்படுவார்கள்.

எசமான் பேச்சுக்கும் ஒரு வரலாறு உண்டு. ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர் சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குக் காட்சிசாலையில், ஒரே அடைப்புக்குள் வாழ்ந்த ஓநாய்களைக் கவனித்து 1947-ல் எழுதியதிலிருந்து, தலைமைக்குச் சண்டை போடும் ஓநாய்க்கூட்டம் என்ற சித்திரம் பரவியது. அதைப் பெரிதும் பரப்பியவர்களில் ஒருவரான டேவிட் மெக், காட்டு ஓநாய்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த பிறகு 1999-ல் அதை மறுத்தே எழுதினார். காட்டில் ஒரு கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தந்தை, அவற்றின் பிள்ளைகள், அவ்வளவுதான். ஓநாய்க்கே பொருந்தாததை நம் தெரு நாய் மேல் ஏற்றிக்கொண்டிருக்கிறோம்.

மல்லி, ஒரு நாய்க்குட்டி பிறந்து மூன்று வாரம் முதல் ஏறத்தாழ பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரை எதைப் பார்த்துப் பழகுகிறதோ அதுதான் பிற்காலத்தில் அதற்குச் சாதாரணம். அந்த வயதில் மைனா வீட்டுக்குள் வந்ததே இல்லை. மின்விசிறி, கண்ணாடிக் கதவு, குக்கர் விசில் எல்லாமே அவளுக்குப் புதியவை. மூன்று வயதுக்கு மேலும் கற்றுக்கொள்ளலாம், மெதுவாகத்தான் முடியும்.

அதற்கு முன் ஒன்று கேட்க வேண்டும். இது முழுவதும் பயம்தானா? அடிபட்ட கால் இன்னும் வலிக்கிறதா? காதுக்குள், விரலிடுக்கில், கழுத்துப்பட்டைக்கு அடியில் உண்ணி இருக்கிறதா? சென்னைத் தெருக்களிலிருந்து வரும் நாய்களிடம் எர்லிக்கியா, பபேசியா போன்ற உண்ணிக் காய்ச்சல்களை அடிக்கடி பார்க்கிறோம். சோர்வு, பசியின்மை, ஈறு வெளுத்துப்போதல், சில நாய்களுக்கு மூக்கில் ரத்தம். இப்படிக் காய்ச்சல் வந்த நாயும் மூலையில்தான் போய்ப் படுக்கும். வீட்டார் கூச்சம் என்று நினைத்துக்கொள்வார்கள். மூக்கைத் தொட்டுக் காய்ச்சல் பார்க்காதீர்கள், அதில் ஒன்றும் தெரியாது. நாயின் இயல்பான உடல் வெப்பமே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும். ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் (பிளேட்லெட்) எண்ணிக்கையைக் கட்டாயம் பாருங்கள்.

மாமியாரின் பயத்தைச் சிரித்து ஒதுக்க வேண்டாம். பல் பட்டுச் சிறு கீறல் விழுந்தாலும், ஊசி போட்ட நாய்தானே என்று இருந்துவிடாமல், சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் எதையும் காயத்தில் வைக்கக் கூடாது. இதை வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருந்தால் பயமும் ஓரளவு குறையும்.

பெரம்பூர் மல்லி

டாக்டர் ஐயா, நீங்கள் சொன்ன பிறகு டார்ச் அடிக்காமல் தூரத்திலிருந்தே கவனித்தேன். இடது காதின் உள்பக்கம் கடுகு போல இரண்டு மூன்று தெரிகின்றன, உண்ணியாகத்தான் இருக்கும். இரவில் நடக்கும்போது பின்னங்காலை லேசாகச் சாய்த்து வைக்கிறாள். நாளை மறுநாள் மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறோம். ஆனால் எப்படிக் கொண்டுபோவது? அறை வாசலைத் தாண்டிக் கூடத்து டைல்ஸில் கால் வைத்தாலே வழுக்கிக்கொண்டு திரும்ப ஓடிவிடுகிறாள்.

மாடி வீட்டு மைதிலி

டைல்ஸ் பிரச்சினையை நானும் பார்த்திருக்கிறேன். மண்ணிலும் தாரிலும் நடந்த பாதத்துக்கு வழவழப்புத் தரை பிடி கொடுக்காது. ஏற்கெனவே கால் வலி இருந்தால் கேட்கவே வேண்டாம். கட்டிலிலிருந்து கூடம் வரை பழைய அரிசிச் சாக்குகளை விரித்துப் பாதை போடுங்கள். சணல் சாக்கு நல்லது, பிளாஸ்டிக் சாக்கு வழுக்கும். வீடு மண்டி போலத் தெரியும், பரவாயில்லை.

சிறுநீருக்கு இப்போதைக்குத் தெருவை மறந்துவிடுங்கள். அகலமான தட்டில் மணல் நிரப்பி அதே அறை மூலையில் வையுங்கள். அவள் கழித்த இடத்தைத் துடைத்த துணியை அந்த மணலில் ஒருமுறை ஒற்றினால் வாசனை வழிகாட்டும். பழகிய பிறகு அந்தத் தட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக பால்கனிக்கு நகர்த்தலாம். ஆனால் பால்கனிக் கம்பிகளுக்கு இடையே அவள் தலை நுழையுமா என்று முதலில் பாருங்கள். நுழையும் என்றால் வலை அடித்த பிறகுதான் கதவைத் திறக்க வேண்டும்.

இனி எழுதப்போவதை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். தத்து வந்த முதல் மாதத்தில் கூச்ச நாய் கடிப்பதைவிடத் தொலைந்துபோவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பயந்த நாய் முன்னே ஓடாது, பின்னே இழுக்கும். தலையைத் தாழ்த்திப் பின்வாங்கினால் சாதாரணக் கழுத்துப்பட்டை காதைத் தாண்டிக் கழன்று உங்கள் கையில் தொங்கும். நம் நாட்டு நாய்களுக்குக் கழுத்தும் தலையும் ஏறக்குறைய ஒரே அளவு என்பதால் இது இன்னும் எளிது. ஆகவே இழுத்தால் இறுகும் மார்ட்டிங்கேல் பட்டை ஒன்று, மார்பைச் சுற்றும் ஹார்னஸ் ஒன்று, இரண்டுக்கும் தனித்தனிக் கயிறு. ஒரு கயிறு கையில், இன்னொன்று இடுப்பில். ஒன்று அறுந்தால் மற்றது தாங்கும். பட்டைக்கும் கழுத்துக்கும் இடையே இரண்டு விரல் நுழையலாம், அதற்கு மேல் இடைவெளி கூடாது. இழுக்க இழுக்க நீளும் சுருள்கயிறு வேண்டவே வேண்டாம். கையிலிருந்து நழுவினால் அந்தக் கைப்பிடி தடதடவென்று பின்னாலேயே உருண்டு நாயை இன்னும் விரட்டும்.

அணிவிப்பதையும் அவசரமாகச் செய்யாதீர்கள். ஹார்னஸைச் சாப்பாட்டுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் போட்டுவைத்து, அது வெறும் பொருள் என்று அவளுக்குப் புரிந்த பிறகு மாட்டுங்கள். நாளை மறுநாளுக்குள் அது நடக்காது. அதனால் மருத்துவரை வீட்டுக்கு வரச் சொல்ல முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் கதவுள்ள பெரிய கூண்டைக் காப்பகத்திலேயே இரவல் கேளுங்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் போர்வையோடு கூண்டை வைத்து உள்ளே சாப்பாடு போட்டால் இரவில் தானே நுழைவாள்.

வாசல் கதவில் கொரியர்காரர், பால்காரர், பக்கத்து வீட்டுப் பிள்ளை யார் வந்தாலும் முதலில் படுக்கையறைக் கதவு சாத்தப்பட வேண்டும், பிறகுதான் வாசல் கதவு திறக்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டும் திறந்திருக்கக் கூடாது. பட்டையில் உங்கள் கைப்பேசி எண் பொறித்த தகடு இன்றே தொங்கட்டும்.

பொன்மலை ரயிலடி

மைதிலி அக்கா சொன்ன கழன்ற பட்டை எங்கள் தெருவிலேயே நடந்தது. எதிர்வீட்டார் வெளியூர்க் காப்பகம் ஒன்றிலிருந்து ஆட்டோவில் கூட்டிவந்த நாய், வாசலில் இறக்கியதும் ஒரு பின்வாங்கல், பட்டை கழன்று பறந்துவிட்டது. காப்பகத்தில் மாட்டி அனுப்பிய பட்டை நான்கு விரல் தொளதொளவென்று இருந்ததாம். தெருப் பிள்ளைகள் எல்லோரும் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு துரத்தினார்கள். அந்தப் பெயர் அதற்குத் தன் பெயர் என்றே தெரியாது. துரத்தத் துரத்த ரயில் பாதைப் பக்கம் போய்விட்டது.

பிறகு விலங்கு மீட்பில் பழகிய ஒருவர் வந்து முதலில் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார். யாரும் கூப்பிடக் கூடாது, பின்னால் போகக் கூடாது, கண்டால் உட்கார்ந்துகொண்டு வேறு பக்கம் பார்க்க வேண்டும். எங்கே கண்டோம், எத்தனை மணிக்கு என்று மட்டும் சொல்லுங்கள் என்றார். நாய் ஒரு புதருக்கும் பழைய குவார்ட்டர்ஸ் சுவருக்கும் இடையே சுற்றிக்கொண்டிருந்தது தெரிந்தது. அங்கே அந்த வீட்டாரின் வியர்வை பட்ட துணியையும் சாப்பாட்டையும் தினமும் ஒரே நேரத்தில் வைத்தார்கள். கடைசியில் சாப்பாட்டுக்குப் பழகிய கூண்டுக்குள்தான் பிடித்தார்கள், துரத்தி அல்ல. இப்போது அந்த நாய் என்னைப் பார்த்து தினமும் குரைக்கிறது.

சேலத்தான்

சரி, படித்தேன். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். எங்கள் ஊரில் யாரும் ஹார்னஸ் வாங்கவில்லை, சாக்கு விரிக்கவில்லை, புத்தகம் படித்துக்கொண்டு கோழித் துண்டு உருட்டவில்லை. எங்கிருந்தோ வந்த நாய் திண்ணைக்கு வந்து சேரும், சோறு போடுவோம், நம்முடையதாகிவிடும். இதெல்லாம் நகரத்துக்காரர்கள் கிளப்பிவிடும் சிக்கல் இல்லையா?

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவன்

நல்ல கேள்வி. என் பதில் உங்கள் ஊர்ப் பக்கம்தான்.

திண்ணைக்கு வந்த அந்த நாயை யார் பழக்கினார்கள்? யாருமில்லை. முதல் நாள் வேலிக்கு அப்பால் நின்றிருக்கும். சோறு வைத்துவிட்டு உங்கள் பாட்டி உள்ளே போனபின் வந்து தின்றிருக்கும். யாராவது கல்லெடுக்கக் குனிந்தால் பத்தடி ஓடி நின்று திரும்பிப் பார்த்திருக்கும். மறுநாள் கொஞ்சம் கிட்டே. எவ்வளவு தூரத்தில் நிற்பது, எப்போது நெருங்குவது என்பதை முழுக்க அதுவே முடிவுசெய்தது. தெரு நாய் பயத்தைத் தீர்த்துக்கொள்வது கடித்து அல்ல, விலகி.

மைனாவை நாம் அறுநூறு சதுர அடிக்குள் கொண்டுவந்து கதவைச் சாத்திவிட்டோம். விலகிப் போக அவளிடம் மிச்சமிருப்பது கட்டிலடி மட்டும். அதையும் பிடுங்கினால் கடிப்பதைத் தவிர அவளுக்கு வேறு வழியில்லை. நாலுகால் நண்பன் சொன்ன முதுகு காட்டி உட்காருதலும் மைதிலி சொன்ன சாக்குப் பாதையும் அந்தப் பத்தடியைத் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடுகள்தான். இரட்டைக் கயிறு எதற்கு என்றால், தெருவில் அவள் பத்தடியோடு நிற்கமாட்டாள், பஸ்ஸுக்கு அடியில் போய்விடுவாள். உங்கள் பாட்டி செய்ததையேதான் கதவு போட்ட வீட்டில் செய்யச் சொல்கிறோம்.

சேலத்தான்

பாட்டியை இழுத்துவிட்டீர்கள். இனி என்ன பேசுவது!

கோவை அன்னம்

குழந்தையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. எங்கள் வீட்டில் இரட்டையர், நாயும் உண்டு. மல்லி, உங்கள் மகளிடம் "நாயைத் தொடாதே" என்று மட்டும் சொன்னால் நடக்காது. செய்ய ஏதாவது வேலை கொடுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்புவது, மைனா இன்று என்ன சாப்பிட்டாள் என்று குறிப்பேட்டில் எழுதுவது, அறை வாசலில் உட்கார்ந்து சத்தமாகக் கதை படிப்பது. பிள்ளைகள் படிக்கும் குரல் ஒரே தாளத்தில் போவதால் நாய்க்கு அது மிரட்டலாகத் தெரியாது.

சாப்பிடும்போது, தூங்கும்போது, கட்டிலடியில் இருக்கும்போது கிட்டே போகக் கூடாது. கட்டிப்பிடிக்கவே கூடாது, பிள்ளைகள் முகத்தில் கடிபடுவது பெரும்பாலும் முகத்தோடு முகம் ஒட்டும்போதுதான். நாய் தானாகக் கிட்டே வந்தால் கையைத் தலைக்கு மேல் கொண்டுபோகாமல் மார்புப் பக்கம் மெதுவாகச் சொறிந்துவிட்டு நிறுத்த வேண்டும். நிறுத்தியதும் நாய் இன்னும் நெருங்கினால் தொடரலாம், விலகினால் அவ்வளவுதான். பெரியவர் ஒருவர் அறையில் இல்லாமல் இருவரையும் தனியே விடுவது, இன்னும் பல மாதங்களுக்குப் பேச்சே இல்லை.

பெரம்பூர் மல்லி

கூண்டு கிடைத்தது, மருத்துவரிடம் போய்வந்தோம். உண்ணிக் காய்ச்சல்தான்! தட்டணுக்கள் குறைந்திருக்கின்றன. டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை நான்கு வாரத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். காலில் எலும்பு சரியாகக் கூடியிருக்கிறது, மூட்டில்தான் வலி, அதற்கும் மருந்து உண்டு. கோபத்தில் இருந்த மாமியாரே "காய்ச்சல்காரியையா இத்தனை நாள் திட்டினோம்" என்று தயிர்சாதத்தில் மாத்திரையை மறைத்து வைத்துக் கொடுத்துவிட்டார். முழுவதும் தின்றுவிட்டாள்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவன்

அந்தத் தயிர்சாதத்தை மாற்றுங்கள். பாலிலும் தயிரிலும் இருக்கும் கால்சியம் டாக்ஸிசைக்ளினைப் பிடித்துவைத்துக்கொள்ளும், மருந்து உடம்பில் சேர்வது குறையும். வெறும் வயிற்றிலும் கொடுக்கக் கூடாது, குமட்டும். கோழியும் சோறும் பிசைந்து உருண்டையாக்கி அதற்குள் வைத்துக் கொடுத்து, தண்ணீரும் குடிக்க வையுங்கள். மாத்திரை தொண்டையில் தங்கினால் புண்ணாகும். தயிர்சாதம் வேறு வேளையில் கொடுக்கலாம். வெங்காயம், பூண்டு சேர்த்த குழம்புச் சோறு எந்த வேளையிலும் கூடாது. திராட்சை, சாக்லேட், வெந்த கோழி எலும்பும் கூடாது. வலிக்கு நீங்கள் போட்டுக்கொள்ளும் ஐபுபுரோஃபன் நாய்க்கு விஷம்.

நாலு நாளில் துள்ளி எழுந்தாலும் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

குடியிருப்போர் சங்கத் தலைவலி

அடுக்ககம் என்று படித்தவுடன் எழுத வேண்டும் என்று தோன்றியது. சங்கத்தில் யாராவது "நாய்க்கு அனுமதி இல்லை", "லிஃப்டில் ஏற்றக் கூடாது" என்று கிளம்புவார்கள். வளர்ப்பு நாய்க்குத் தடை விதிக்கச் சங்கத்துக்கு அதிகாரம் இல்லை, பெரும்பான்மை வாக்கெடுத்தாலும் இல்லை என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. அதன் நகலை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே நீட்டாதீர்கள், சண்டை வந்தால் நீட்டுங்கள். நம் பக்கம் சுத்தமாக இருக்க வேண்டும்: பொது இடத்தில் கயிறு, மலத்தை எடுக்கப் பை, மாநகராட்சி உரிமம். சென்னையில் உரிமம் கட்டாயம். இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம். ரேபிஸ் ஊசிச் சான்றும், தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப்பும் கேட்பார்கள். சிப் போட்டுவிட்டால் தொலைந்தாலும் அடையாளம் கிடைக்கும்.

"எங்காவது கொண்டுபோய் விட்டுவிடு" என்பதற்கும் ஒரு வார்த்தை. வளர்ப்பு விலங்கைக் கைவிடுவது 1960-ம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். தத்தெடுத்த தெரு நாய் மீண்டும் தெருவுக்கு வரக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2025 ஆகஸ்ட் 22 உத்தரவில் சொல்லியிருக்கிறது. முடியவே முடியாது என்றால் எடுத்த காப்பகத்திலேயே திருப்பிக் கொடுங்கள். அதில் அவமானம் ஒன்றுமில்லை.

நாலுகால் நண்பன்

கடைசி வரியை வழிமொழிகிறேன். வாசலில் கட்டிவிட்டு இரவோடு இரவாகப் போகிறவர்களைவிட, நேரில் வந்து "எங்களால் முடியவில்லை" என்று சொல்கிறவர்களிடம் எனக்கு மரியாதை உண்டு. நாயைப் பற்றி நாலு விஷயமாவது தெரிந்துகொள்ளலாம், அடுத்த வீட்டுக்கு அது உதவும்.

பெரம்பூர் மல்லி

திருப்பிக் கொடுக்கும் பேச்சு இப்போது வீட்டில் இல்லை. காய்ச்சல் விட்டதும் பசி வந்துவிட்டது. சாக்குப் பாதையில் கூடம் வரை வருகிறாள். இரவு வேலை முடிந்து என் கணவர் தாமதமாக வந்து தனியாகச் சாப்பிடும்போது சற்றுத் தள்ளிப் படுத்துக்கொள்கிறாள். வேறு யார் இருந்தாலும் வருவதில்லை. மணல் தட்டு பால்கனிக்குப் போய்விட்டது, வலையும் அடித்தாகிவிட்டது.

ஆனால் நேற்று குக்கர் விசிலில் எல்லாம் கெட்டது. மறுபடி கட்டிலடி, மறுபடி பகலில் சாப்பாடு இல்லை. தீபாவளி வேறு வருகிறது. நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

மாடி வீட்டு மைதிலி

கெடவில்லை, ஒரு படி இறங்கியிருக்கிறாள். குக்கரையும் மிக்ஸியையும் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு ஓட்டுங்கள். சத்தம் வந்தவுடன் படுக்கையறையில் கோழித் துண்டு விழ வேண்டும். சத்தம் முதலில், கோழி பின்னால். வரிசை மாறினால், கோழி வந்தாலே ஆபத்து வரப்போகிறது என்று கற்றுக்கொள்வாள். சில வாரத்தில் விசிலுக்குக் காதைத் திருப்பி உங்கள் கையைப் பார்ப்பாள்.

தீபாவளிக்கு அந்த அளவு அவகாசம் இல்லை, ஆகவே தப்பித்தால் போதும் என்று திட்டமிடுங்கள். பட்டாசுக்கு அரசு தரும் நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்றாலும் பெரம்பூரில் யார் கடிகாரம் பார்க்கிறார்கள்? முந்தைய வாரத்திலிருந்தே வாசல் கதவு ஒழுங்கை இரட்டிப்பாக்குங்கள். பட்டை, தகடு இரவிலும் கழற்ற வேண்டாம். ஜன்னலைச் சாத்தித் தடித்த திரை போடுங்கள், மின்விசிறியை வேகமாக வையுங்கள், தொலைக்காட்சியோ வானொலியோ ஓடட்டும். அவள் தானாக வந்து ஒட்டிக்கொண்டால் தாராளமாகத் தடவிக்கொடுங்கள். ஆறுதல் சொன்னால் பயம் வளரும் என்பது கட்டுக்கதை.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவன்

ஆமாம். மாத்திரை தேவையா என்று இப்போதே உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். பட்டாசு வெடித்த பிறகு ஓடாதீர்கள். பதற்றத்தையே குறைக்கும் மருந்துகள் இருக்கின்றன, முன்கூட்டி ஒருமுறை கொடுத்து அளவு பார்க்க வேண்டும். பழைய வழக்கப்படி அசிப்ரோமசின் என்ற அடக்கும் மருந்தை மட்டும் கொடுத்தால் உடம்பு தளரும், பயம் அப்படியே இருக்கும்; அசைய முடியாமல் எல்லாச் சத்தத்தையும் கேட்டுக்கொண்டிருக்கும். அது வேண்டாம் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பெரம்பூர் மல்லி

கேட்டுவிடுகிறேன், ஐயா. இன்னொன்று, மாமியார் கேட்கச் சொன்னார்: இத்தனை நாளாகக் குளிப்பாட்டவில்லை, வாடை வருகிறது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டலாமா?

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவன்

வேண்டாம். குளியலறைக்குள் அடைத்துத் தண்ணீர் ஊற்றினால் சேர்த்த நம்பிக்கை அத்தனையும் சாக்கடையில் போகும். அவள் தானாக உங்கள் கையை ஏற்றுக்கொண்ட பிறகு ஈரத்துணியால் துடைத்தால் போதும். உண்ணிக்குக் குளியல் மருந்தல்ல. மருத்துவரிடம் கேட்டு வாங்கும் உண்ணி மாத்திரைதான்; டாக்ஸிசைக்ளின் காய்ச்சலுக்குத்தான். கூடவே அவள் படுத்த போர்வையைக் கொதிநீரில் அலசி, கட்டில் கால், சுவர் விரிசல் எல்லாம் பாருங்கள். உண்ணி சுவரிலும் ஏறி முட்டையிடும்.

சேலத்தான்

டாக்டர், எங்கள் திண்ணை நாய்க்கும் காதெல்லாம் உண்ணி. அந்த மாத்திரை என்ன பெயர்? ஒரு நாய்க்கு எத்தனை?

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவன்

எண்ணிக்கையில் இல்லை, எடைக்கு ஏற்ற அளவில் வரும். ஃப்ளுராலனர், அஃபாக்சோலனர் என்று வகைகள் உண்டு. வலிப்பு வந்த நாய் என்றால் இவற்றைக் கொடுக்கும் முன் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். கடையில் கேட்டு வாங்காமல், ஊர்க் கால்நடை மருந்தகத்துக்கு ஒருமுறை கூட்டிப்போய் எடை போடுங்கள்.

சேலத்தான்

கூட்டிப்போகவா? பட்டையே கட்டியதில்லை அதற்கு. மைதிலி அம்மா, அந்த மார்ட்டிங்கேல் பட்டை எந்த அளவு வாங்க வேண்டும்?

மாடி வீட்டு மைதிலி

காதுக்குப் பின்னால் கழுத்து மேல்பக்கத்தையும், தலையின் அகலமான இடத்தையும் தையற்காரர் நாடாவால் அளந்து எழுதுங்கள். சாப்பிடும்போது அளக்க வேண்டாம்.